கேட்காவ் ஸ்டேஷனும் ஒரு பழைய கணக்கும்

புனேயிலிருந்து தவுண்ட் போகிற ரயிலில் உட்கார்ந்தால், ஐம்பத்து சொச்சம் கிலோமீட்டரில் கேட்காவ் என்று ஒரு ஸ்டேஷன் வரும். பிராஞ்ச் இன்ஸ்பெக்‌ஷனுக்காக அந்த வழியே பலமுறை போயிருக்கிறேன். ஒரு தடவைகூட இறங்கிப் பார்க்கத் தோன்றியதில்லை.

போன மாசம் என் பொண்ணு (பதினாலு வயசு) சரித்திரப் புத்தகத்தோடு வந்து நின்றாள். "அப்பா, பண்டித ரமாபாய் பத்தி ப்ராஜெக்ட். புக்ல ரெண்டு வரிதான் இருக்கு. நீங்க சொல்லுங்க." பி.காம். படித்தவனுக்குச் சரித்திரம் எங்கே தெரியும்! தேடிப் படித்தேன். படித்தது அந்தக் கேட்காவில் போய் நின்றது.

ரமாபாய் பிறந்தது 1858ல், மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில். அப்பா அனந்த சாஸ்திரி, ஊர் எதிர்ப்பை மீறி மனைவிக்கு சமஸ்கிருதம் சொல்லிக் கொடுத்தவர். குடும்பமே க்ஷேத்திரம் க்ஷேத்திரமாக நடந்து, புராணம் வாசித்துப் பிழைத்தது. 1870களின் பஞ்சத்தில், அன்றைய சென்னை மாகாணத்தில் அலைந்தபோது, அப்பா, அம்மா, அக்கா மூவரும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். மிஞ்சியது ரமாபாயும் அண்ணனும். அப்போது அவருக்கு டீன்ஏஜ். பசி என்றால் என்ன என்று அந்த வயசிலேயே தெரிந்துகொண்டவர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1878ல் கல்கத்தாவில் 'பண்டிதா' பட்டம். 1880ல் ஒரு வங்காளி வக்கீலோடு கல்யாணம். கைக்குழந்தை மனோரமாவோடு 1882ல் விதவை. 1883ல் இங்கிலாந்து போய் அங்கே ஞானஸ்நானம் பெற்றார். பிறகு அமெரிக்கா. அங்கே பாஸ்டனில் நண்பர்கள் ஒரு சங்கம் வைத்து, பத்து வருஷத்துக்குப் பணம் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். 1889ல் பம்பாயில் இளம் விதவைகளுக்காக 'சாரதா சதன்' திறந்தார். அடுத்த வருஷம் அது புனேக்கு வந்தது.

அந்தக் காலத்தில் விதவை என்றால் வெள்ளைத் தலைப் பாட்டி என்று நினைக்காதீர்கள். பெண்ணுக்குச் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய சட்டம் வந்ததே 1891ல்தான். அதற்கே எவ்வளவு எதிர்ப்பு! என் பொண்ணு வயசில் மொட்டைத் தலையோடு மூலையில் உட்கார்ந்தவர்கள்தான் சாரதா சதனுக்கு வந்தார்கள்.

அங்கே விதி: மதம் மாற்றுவதில்லை. அவரவர் ஆசாரப்படி இருக்கலாம். ஆனால் ரமாபாய் தன் மகளோடு ஜெபம் செய்யும்போது அறைக் கதவைச் சாத்துவதில்லை. சில பெண்கள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். புனே கொதித்தது. திலகரின் 'கேசரி' கடுமையாக எழுதியது. ஆதரவாக நின்ற ரானடேயும் பண்டார்கரும் 1893ல் விலகிக்கொண்டார்கள். பல பெற்றோர் பெண்களைத் திரும்ப அழைத்துப் போனார்கள்.

யார் பக்கம் நியாயம்? பாங்க்காரன் புத்தியோடு யோசித்தால், "மதத்தில் தலையிடமாட்டோம் என்று சொல்லித்தானே டெபாசிட் வாங்கினீர்கள்" என்று கேட்ட பெற்றோர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. திறந்த கதவு, பதினைந்து வயசுப் பெண்ணுக்கு வெறும் கதவு இல்லை. சோறும் படிப்பும் போடுகிறவர் உள்ளே இருக்கிறார். ஆனால் அதே பெண்ணுக்கு வீட்டில் எந்தக் கதவும் திறந்திருக்கவில்லை என்பதும் உண்மை.

கணக்கு விஷயத்தில் ரமாபாய் கெட்டிக்காரர். அமெரிக்கப் பணம் பத்து வருஷம்தான் என்று தெரியும். அதற்குப் பிறகு? கேட்காவில் சுமார் நூறு ஏக்கர் நிலம் வாங்கி, பழத்தோட்டம் போட்டார். தோட்ட வருமானத்தில் விடுதி நடக்க வேண்டும் என்பது திட்டம்.

தோட்டம் காய்ப்பதற்குள் 1896ல் மத்திய மாகாணத்தில் பஞ்சம். முன்னால் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அது இங்கேதான் வருகிறது. அவரே நேரில் போய், சுமார் 300 பெண்களைக் கூட்டிவந்தார். புனேயில் பிளேக் நேரம். புதிதாக வந்தவர்களை நகரத்துக்குள் வைக்க அனுமதி இல்லை. அப்படித்தான் அந்தத் தோட்டத்தில் குடிசை போட்டு, 'முக்தி' பிறந்தது. 1900ல் குஜராத் பஞ்சம். அங்கிருந்தும் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். சுமார் 1,500 பேர், நூற்றுக்கு மேல் மாடுகள் என்று ஒரு ஊரே ஆகிவிட்டது. முக்தி வெளிப்படையாகவே கிறிஸ்தவ இல்லம். இங்கே விதியில் சந்தேகத்துக்கு இடமில்லை.

1,500 பேருக்கு ரெண்டு வேளை சாப்பாடு என்றால் யோசித்துப் பாருங்கள். மாவு அரைக்க வேண்டும், தண்ணீர் இறைக்க வேண்டும், ஊர்ப்பட்ட துணி துவைக்க வேண்டும். எல்லாம் அந்தப் பெண்களே. படிப்பும் உண்டு, வேலையும் உண்டு. தறியில் புடவை நெய்தார்கள். செக்கில் எண்ணெய் ஆட்டினார்கள். பாத்திரத்துக்கு ஈயம் பூசினார்கள். வயலில் இறங்கினார்கள், பால் கறந்தார்கள். பார்வையில்லாத பெண்கள் பிரெயில் படித்தார்கள், கூடை முடைந்தார்கள். கெட்டிக்காரப் பெண்கள் டீச்சர், நர்ஸ் ஆனார்கள். அமெரிக்காவில் ரமாபாய் கற்றுவந்த கிண்டர்கார்டன் முறையில் சின்னதுகளுக்குப் பாடம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அச்சுக்கூடம். ரமாபாய் எபிரேயமும் கிரேக்கமும் படித்து, சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மராத்தியில் பைபிளை மொழிபெயர்த்தார். பல வருஷ உழைப்பு. அதற்கு எழுத்துக் கோத்தது, அச்சடித்தது, பைண்ட் செய்தது எல்லாம் முக்திப் பெண்கள். பஞ்சத்தில் எழுத்தே தெரியாமல் வந்தவள், ஈய எழுத்தைத் தலைகீழாக வாசிக்கிற அளவுக்குத் தேறியிருக்கிறாள்!

எல்லாம் சுபம் என்று சொல்லமாட்டேன். எலும்பும் தோலுமாக வந்து பிழைக்காமல் போனவர்கள் உண்டு. பிழைத்தவர்களில் எத்தனை பேர் நம்பிக்கையால் கிறிஸ்தவர் ஆனார்கள், எத்தனை பேர் வேறு போக்கிடம் இல்லாமல் ஆனார்கள் என்று எந்த லெட்ஜரிலும் எழுதியிருக்காது.

1921ல் மகள் மனோரமா இறந்தார். 1922 ஏப்ரல் 5ல் ரமாபாயும் போய்விட்டார். முழு பைபிள் வெளிவந்தது அதற்குப் பிறகுதான். முக்தி இன்றும் நடக்கிறது.

புனேவாசிகளுக்கு ஒரு விஷயம். சாரதா சதனின் முதல் விதவை மாணவி கோதுபாய். 1893ல் அவரை மறுமணம் செய்தவர் தோண்டோ கேசவ் கர்வே. ஆமாம், நாம் தினமும் டிராஃபிக்கில் மாட்டிக்கொள்கிற கர்வே ரோடு அவர் பேர்தான். மதமாற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல், 1896ல் அவரும் விதவைகளுக்கு ஒரு இல்லம் ஆரம்பித்தார். சண்டையால் ஒரு வீடு ரெண்டு வீடாயிற்று. பெண்களுக்கு லாபம்தான்.

எல்லாம் கேட்டுவிட்டு என் பொண்ணு ஒன்று கேட்டாள். "அந்தப் பொண்ணுங்களை யாராவது, உனக்கு என்ன வேணும்னு கேட்டாங்களாப்பா?"

பதில் தெரியவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் கேட்காவ் போகிறோம். இந்தத் தடவை இறங்குவதாக உத்தேசம்.