இழந்த ஊரும் எழுந்த கடையும்

சிலப்பதிகாரத்துக் கோவலன், இழந்த செல்வத்தை மீண்டும் ஈட்டக் கருதி, மனைவியின் காற்சிலம்பையே வாணிகத்திற்கு முதலாகக் கொண்டு மதுரைக்குப் புறப்பட்டான். எல்லாம் இழந்தவன் எதனை முதலாக வைத்துத் தொழில் தொடங்குவது என்னும் வினா அத்துணைப் பழமையானது. அதே வினா 1947-ஆம் ஆண்டில் வட இந்தியாவில் இலட்சக்கணக்கான குடும்பங்களின் முன் ஒரே சமயத்தில் எழுந்தது. கோவலன் தானாகப் புகாரை நீங்கியவன். இவர்களோ தம் ஊரினின்றும் துரத்தப்பட்டவர்கள்.

பஞ்சாபைப் பிளந்த எல்லைக்கோடு 1947 ஆகஸ்டு 17-ஆம் நாள் வெளியிடப்பட்டது. மேற்குப் பஞ்சாபிலிருந்தும் எல்லைப்புற மாகாணத்திலிருந்தும் வந்த இந்துக்களும் சீக்கியரும் தில்லியில் குவிந்தனர். 1941-இல் ஏறத்தாழ 9 இலட்சமாயிருந்த தில்லியின் மக்கள் தொகை 1951-இல் 17 இலட்சத்தைத் தாண்டியது. அவர்களுள் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் அகதிகள். கிங்ஸ்வே முகாமிலும் பிற முகாம்களிலும் கூடாரங்கள் நிரம்பின. இப்பெருங்கூட்டத்தில் ஒரு குடும்பத்தின் வரலாற்றை மட்டும் இங்கு எடுத்துக் கொள்வோம்.

சியால்கோட் நகரில் சுன்னிலால் குலாட்டி என்பவர் 1919-ஆம் ஆண்டில் மசாலாக் கடை ஒன்றைத் தொடங்கினார். அதற்கு 'மகாஷியான் தி ஹட்டி' என்று பெயர். ஹட்டி என்னும் பஞ்சாபிச் சொல்லுக்குக் கடை என்பது பொருள். அவருடைய மகன் தரம்பால் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுத் தொழிலில் இறங்கியவர். பிரிவினையில் கடையையும் வீட்டையும் விட்டுவிட்டுக் குடும்பம் அமிர்தசரசு அகதி முகாமை அடைந்தது. அங்கிருந்து தரம்பால் 1947 செப்டம்பரில் தில்லி வந்தார். தந்தை கொடுத்த 1500 ரூபாயே கையிருப்பு. அதில் 650 ரூபாய்க்கு 'டோங்கா' எனப்படும் குதிரைவண்டி ஒன்றை வாங்கி, புதுதில்லி இரயில் நிலையப் பகுதியில் ஓட்டினார். வழிவழியாக மசாலா வணிகம் செய்த குடும்பத்தவருக்கு அத்தொழில் நெடுநாள் ஒத்துவரவில்லை. வண்டியை விற்றார். 1948-இல் கரோல்பாக், அஜ்மல்கான் சாலையில் 14 அடிக்கு 9 அடி அளவுள்ள மரக்கடை ஒன்றில் குடும்பத் தொழில் மீண்டும் தொடங்கியது.

வீட்டையும் நிலத்தையும் இழந்து வந்தோர்க்கு இழப்பீடும் மறுவாழ்வும் அளிக்க வகைசெய்த சட்டம் 1954-ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது. இடைப்பட்ட ஏழாண்டுகளில் அரசு கூடாரம் தந்தது, உணவு தந்தது, கடன் தந்தது, கடைகளும் கட்டிக் கொடுத்தது. அவற்றைக் குறைத்து மதிப்பிடுதல் நன்றன்று. ஆயினும் கோப்பு நகரும் வேகத்தை நாள்தோறும் காணும் நாம், பசி அவ்வேகத்திற்குக் காத்திராது என்பதையும் அறிவோம். அவ்வேழாண்டுகளில் குடும்பங்களைத் தாங்கி நின்றவை வண்டியும் கூடையும் மரக்கடையுமே.

அக்கடையின் பெயர்ப்பலகை நம் சிந்தனைக்குரியது. 'சியால்கோட்டின் மகாஷியான் தி ஹட்டி, தேகி மிர்ச்வாலே' என்று அதில் எழுதப்பட்டது. தேகி மிர்ச் என்பது குழம்புக்குச் செந்நிறம் ஊட்டும் மிளகாய்ப்பொடி. சியால்கோட்டைவிட்டு வந்த பின்னும் அவ்வூரின் பெயரைப் பலகையில் பொறித்தது வெறும் ஏக்கத்தால் மட்டும் அன்று. கரோல்பாக்கில் குடியேறிய பஞ்சாபியர் பலருக்கு அப்பெயரே நற்சான்று. நிலத்தை எல்லைக்கு அப்பால் விடலாம். இத்தனை ஆண்டுகளாக ஈட்டிய நாணயத்தை எவரும் பறித்துக்கொள்ள முடியாது. கோவலனுக்குச் சிலம்பு எதுவோ, இக்குடும்பத்திற்கு அப்பெயர் அது. 1953-இல் சாந்தினி சௌக்கில் இன்னொரு கடையும், 1959-இல் கீர்த்தி நகரில் ஆலையும் எழுந்தன. எம்.டி.எச். என்னும் மூன்றெழுத்து அப்பழைய பெயரின் சுருக்கமே. தரம்பால் குலாட்டி 2019-இல் பத்மபூஷண் விருது பெற்று, 2020 டிசம்பர் 3-ஆம் நாள் மறைந்தார்.

கரோல்பாக் நமக்கும் அயலன்று. மைய அரசுப் பணிக்கு வந்த தமிழர் பலர் குடியிருந்த பகுதி அது. அங்கே வாங்குவோரும் விற்போரும் பிறந்த ஊரைப் பிரிந்து வந்தவர்களாகவே இருந்தனர். ஆனால் நாம் விடுப்புப் பயணச் சலுகையில் குடும்பத்தோடு ஊர் சென்று திரும்பியவர்கள். அவர்களுக்குத் திரும்ப ஊர் இல்லை. இவ்வேறுபாட்டை உணர்ந்தால், அக்கடைக்காரர்கள் விடியுமுன் கடை திறந்ததையும், காசு காசாக எண்ணிச் சேர்த்ததையும் வேறு கண்கொண்டு நோக்குவோம்.

இவ்வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. தில்லியில் அகதிகள் குடியேறிய வீடுகள் பல, அதே 1947-இல் அஞ்சி வெளியேறிய முஸ்லிம்களின் வீடுகள். அவர்களும் கராச்சியிலோ லாகூரிலோ சிறு கடை வைத்துத்தான் பிழைக்க வேண்டியிருந்திருக்கும். மேலும், ஒரு குடும்பம் ஆலை கட்டியதென்றால், நடைபாதைக் கடையோடு வாழ்நாளைக் கழித்த குடும்பங்கள் பற்பல. அவற்றின் பெயர்கள் எந்த விருதுப் பட்டியலிலும் இல்லை. பிள்ளைகளைப் படிக்க வைத்து, மகளிர்க்கு மணம் முடித்து, எவரிடமும் கையேந்தாது வாழ்ந்ததே அவர்கள் ஈட்டிய இலாபம். பிரிவினையின் வரலாற்றை எழுதுவோர் எல்லைக்கோட்டை வரைந்தவர்களைப் பற்றி நிறைய எழுதியுள்ளனர். அக்கோட்டைக் கடந்து வந்து, மறுநாள் காலையில் தராசைத் தூக்கிப் பிடித்தவர்களும் அவ்வரலாற்றில் இடம்பெற வேண்டியவர்களே.