இருதரப்பு ரகசியக் காப்பு ஒப்பந்தம்

இரண்டு நிறுவனங்கள் ஒரு தொழிலைப் பற்றிப் பேசும்போது, தாங்கள் பகிர்ந்துகொள்ளும் செய்முறை, விலைக் கணக்கு, வரைபடம் போன்றவற்றை வெளியே விடுவதில்லை என்று ஒருவருக்கொருவர் எழுதிக் கொடுப்பது இருதரப்பு ரகசியக் காப்பு ஒப்பந்தம். தொழில் வட்டாரத்தில் ‘என்.டி.ஏ.’ என்பார்கள். ஒருவர் மட்டும் கட்டுப்பட்டால் அது ஒருதரப்பு ஒப்பந்தம். பெரிய கம்பெனிகள் முதலில் நீட்டும் தாள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான். சிறிய ஆலைக்காரர் அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

விழுப்புரம் மாவட்டத்தில் இந்த ஒப்பந்தத்துக்கு இன்று வேலை கூடியிருக்கிறது. 1993இல் தென்னாற்காட்டிலிருந்து பிரிந்த இந்த மாவட்டம் நெல், கரும்பு, மல்லாட்டை (நிலக்கடலை) விளையும் பூமி. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் நிலக்கடலை ரகங்கள் ஊரின் பெயராலேயே ‘டி.எம்.வி.’ என்று வழங்குகின்றன. 2024 பிப்ரவரியில் வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் மினி டைடல் தகவல் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், திண்டிவனம் சிப்காட் உணவுப் பூங்காவில் 400 கோடி ரூபாய் முதலீட்டில் ஆலை அமைக்க டாபர் நிறுவனம் தமிழ்நாடு அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. பெரிய கம்பெனி வரும் இடத்தில், அதற்கு மாவு அரைத்துத் தரவும் பொட்டலம் போட்டுத் தரவும் மென்பொருள் எழுதித் தரவும் உள்ளூர் நிறுவனங்கள் பேச்சுவார்த்தைக்குப் போகும்.

ஓர் ஆலை வேறொரு கம்பெனியின் பெயரில் கடலைமிட்டாய் செய்து தர ‘ஜாப் ஒர்க்’ பேசுகிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி தன் கலவை விகிதத்தையும் எப்போது சந்தைக்கு வரப்போகிறது என்பதையும் சொல்கிறது. ஆலையும் சும்மா இருப்பதில்லை. வறுக்கும் சூடு, எந்த ஊர் வெல்லத்தை எதனோடு எவ்வளவு கலந்தால் மழைக்காலத்திலும் மிட்டாய் பிசுபிசுக்காது என்ற அனுபவம், கிலோவுக்கு விழும் அடக்கம், சேதாரம் எல்லாவற்றையும் அது திறந்து காட்டுகிறது. ஒருதரப்புத் தாளில் இவை எதற்கும் காவல் கிடையாது. பேச்சு முறிந்தால் அந்த அடக்கக் கணக்கை அடுத்த ஆலையின் மேசையில் வைத்து விலையைக் குறைக்கச் சொல்லலாம். அதனால்தான் ‘இருதரப்பு’ என்ற சொல்லுக்காகச் சிறியவர் வாதாட வேண்டும்.

எது ரகசியம், எது ரகசியமல்ல என்பதையும் இதே அடுப்படியில் பார்க்கலாம். பாகைத் தண்ணீரில் விட்டு, உருட்டி, தட்டில் போட்டால் ‘டங்’ என்று ஒலிக்க வேண்டும். இந்தப் பதம் ஊருக்கே தெரியும். எந்த ஒப்பந்தமும் அதைப் பூட்ட முடியாது. வெல்லக் கலவையும் வறுக்கும் சூடும் ஆலைக்கு உரியவை. ஏற்கெனவே பொதுவில் உள்ளது, முன்பே தெரிந்திருந்தது, தானாகக் கண்டறிந்தது, சட்டப்படி வெளியிட வேண்டியது ஆகியவற்றை ஒப்பந்தங்கள் விலக்கி வைப்பது இதனால்தான். உணவுப் பொட்டலத்தில் சேர்மானங்களை எடையின் இறங்கு வரிசையில் அச்சிட வேண்டும் என்பது விதி. வரிசை வெளியே தெரிந்தாலும் பக்குவம் உள்ளேயே நிற்கும்.

வாய்ப்பேச்சும் ஆலையைச் சுற்றிக் காட்டுவதும் அடிக்கடி விடுபட்டுப் போகின்றன. வாயால் சொன்னதைக் குறிப்பிட்ட நாளுக்குள் எழுத்தில் உறுதிப்படுத்தினால்தான் காப்பு என்று பல தாள்களில் இருக்கும். சுற்றிப் பார்க்க வந்தவர் வறுவல் எந்திரத்தின் அளவுப் பலகையைக் கைபேசியில் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்ப ஒரு நிமிடம் போதும். வாசலில் கைபேசியை வாங்கி வைப்பதும் வருகைப் பதிவேட்டில் ‘என்ன காட்டப்பட்டது’ என்று ஒரு வரி எழுதி இரு தரப்பும் ஒப்பமிடுவதும் பிற்பாடு பெரிய சாட்சியாகும்.

வணிக ரகசியத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. அப்படி ஒன்று வேண்டும் என்று சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் தந்த 289ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. இப்போதைக்கு 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் நம்பிக்கை மீறல் பற்றிய நீதிமன்றக் கொள்கையுமே துணை. முன்னோடித் தீர்ப்பு 1987இல் டெல்லி உயர்நீதிமன்றம் ஜான் ரிச்சர்ட் பிராடி வழக்கில் தந்தது. பசுந்தீவனம் வளர்க்கும் எந்திரத்தைக் கண்டுபிடித்தவர், அதற்கான வெப்பத் தடுப்புப் பலகைகளைச் செய்து வாங்குவதற்காக வரைபடங்களை ஒரு நிறுவனத்திடம் கொடுத்தார். பிறகு அந்த நிறுவனமே எந்திரம் செய்யத் தொடங்கியது. நீதிமன்றம் தடை விதித்தது.

மீறினால் இத்தனை லட்சம் என்று எழுதியிருந்தால் அது ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமானதையே நீதிமன்றம் தரும். ‘ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஐந்தாண்டுக்கு யாருக்கும் மிட்டாய் செய்யாதே’ என்ற வரி ரகசியக் காப்பு அல்ல, தொழிலுக்கே தடை. அது 27ஆம் பிரிவின் முன் நிற்பது கடினம்.

வழக்கை எந்த ஊரில் நடத்துவது என்ற வரி கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் கிடக்கும்; சிறியவருக்கு அதிகம் வலிப்பது அதுதான். குஜராத்தின் கைரா நீதிமன்றத்துக்கே உட்பட்டது என்று சரிகை நூல் விற்பனைத் தாளில் இருந்ததைக் காட்டி, சேலத்தில் வழக்கு நடக்கக் கூடாது என்று ஏ.பி.சி. லாமினார்ட் நிறுவனம் வாதிட்டது. ‘மட்டும்’ போன்ற விலக்கும் சொல் இல்லை என்பதால் 1989இல் உச்சநீதிமன்றம் சேலத்தை ஏற்றது. ஆனால் 2013இல் ஸ்வஸ்திக் கேசஸ் வழக்கில், அந்தச் சொல் இல்லாவிட்டாலும் ஓர் ஊரைக் குறித்தாலே மற்ற ஊர்களை விலக்கும் எண்ணம் வெளிப்படும் என்று அதே நீதிமன்றம் கூறிவிட்டது. ஆகவே மும்பை என்று அச்சிட்டிருந்தால், கையெழுத்துக்கு முன்பே அதை அடித்து விழுப்புரம் என்று எழுதச் சொல்லிக் கேட்பதே வழி. இரு தரப்பும் அந்தத் திருத்தத்தின் பக்கத்தில் சுருக்கொப்பமிட வேண்டும்.

ரகசியக் காப்பு ஒப்பந்தத்துக்குப் பத்திரப்பதிவு தேவையில்லை. முத்திரைத் தீர்வை உண்டு. தமிழ்நாட்டில் 20 ரூபாயாக இருந்த அது 2024 மே முதல் 200 ரூபாய் ஆயிற்று. தீர்வை குறைந்த தாளை, விட்டுப்போன தொகையும் அபராதமும் கட்டாமல் நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது.