சிறுவடிவ விளையாட்டுக் கணினி

சிறுவடிவ விளையாட்டுக் கணினி என்பது நிகழ்பட விளையாட்டுகளை இயக்கும் திறனுடன், வழக்கமான மேசைக் கணினியை விடச் சிறிய பெட்டியில் அமைக்கப்படும் கணினி ஆகும். வழக்கமான கோபுரப் பெட்டியின் கொள்ளளவு 40 லிட்டர் அல்லது அதற்கு மேல் இருக்கும். ஏறத்தாழ 20 லிட்டருக்கு உட்பட்டவற்றையே சிறுவடிவம் என்பது வழக்கம். 7 லிட்டர் அளவிலான பெட்டிகளும் உண்டு. விடுதி அறையின் மேசையில் இடத்தை அடைக்காது என்பதாலும், விடுமுறையில் பேருந்தில் மடியில் வைத்தே ஊருக்குக் கொண்டுசெல்லலாம் என்பதாலும் மாணவர்கள் இதனை விரும்புகின்றனர். பெரும்பாலும் உதிரிப் பாகங்களை வாங்கிப் பயனரே பொருத்திக்கொள்கிறார்.

அவ்வாறு பொருத்துவோர் முதலில் முடிவு செய்ய வேண்டியவை செயலியும் தாய்ப்பலகையும் ஆகும். ஒன்றைத் தேர்ந்தவுடன் மற்றதற்கான தெரிவுகள் சுருங்கிவிடுகின்றன. பெரிய பெட்டியில் தவறான தேர்வின் இழப்பு சற்றுக் கூடுதல் பணம் மட்டுமே. சிறிய பெட்டியிலோ வெப்பம் வெளியேற வழி குறைவு. ஆகவே விலையுயர்ந்த செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்து, பாதி விலையுள்ள செயலியின் வேகத்திற்கே இறங்கி ஓடக்கூடும். இக்கணினியில் செயலியின் வேகத்தை விட அது வெளியிடும் வெப்பமே தேர்வைத் தீர்மானிக்கிறது.

வரலாறு

மேசைக் கணினிகளில் இன்றும் வழக்கிலுள்ள ஏடிஎக்ஸ் வடிவத்தை இன்டெல் நிறுவனம் 1995இல் வெளியிட்டது. இதன் முழு அளவு 305 × 244 மிமீ. 1997இல் வந்த மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 × 244 மிமீ அளவுடையது. தைவானைச் சேர்ந்த வியா நிறுவனம் 2001இல் அறிமுகப்படுத்திய மினி ஐடிஎக்ஸ் 170 × 170 மிமீ அளவுள்ள சதுரப் பலகையாகும். ஒரு சாண் அளவே உள்ள இப்பலகையில் பொதுவாக இரண்டு நினைவகச் செருகுவாய்களும் ஒரே ஒரு விரிவாக்கச் செருகுவாயும் இருக்கும்.

தொடக்ககால மினி ஐடிஎக்ஸ் பலகைகள் விளையாட்டுக்காக உருவானவை அல்ல. அவற்றில் பலகையோடு பற்றவைக்கப்பட்ட மெதுவான செயலிகளே இருந்தன. நிலைமை மாறியதற்குக் காரணம் செயலியின் உள்ளமைப்பில் ஏற்பட்ட மாற்றம் ஆகும். முன்பு நினைவகத்தைக் கட்டுப்படுத்தும் பணியைத் தாய்ப்பலகையில் இருந்த தனிச் சில்லு ஒன்று செய்தது. ஏஎம்டி நிறுவனம் 2003இல் அத்லான் 64 செயலியிலும், இன்டெல் 2008இல் நெகாலெம் செயலியிலும் அப்பணியைச் செயலிக்குள்ளேயே கொண்டுவந்தன. 2009இல் வரைகலை அட்டைக்கான பிசிஐ எக்ஸ்பிரஸ் தடங்களும் இன்டெல்லின் எல்ஜிஏ 1156 வகைச் செயலிகளுக்குள் நுழைந்தன. பலகையில் ஒரு பெரிய சில்லு மறைந்ததும், ஒரு சாண் சதுரத்தில் முழு ஆற்றலுள்ள மேசைக்கணினிச் செயலியை அமர்த்துவது இயல்பாயிற்று.

செயலியும் வெப்பமும்

செயலியின் அட்டைப்பெட்டியில் அச்சிடப்படும் வாட் எண்ணை அப்படியே மின்நுகர்வு என்று கொள்ளக்கூடாது. ஏஎம்டியின் ஏஎம்4, ஏஎம்5 வகைகளில் 65 வாட் என்று குறிக்கப்பட்ட செயலி 88 வாட் வரையிலும், 105 வாட் என்று குறிக்கப்பட்டது 142 வாட் வரையிலும் எடுத்துக்கொள்ள அனுமதிக்கப்படுகிறது. இன்டெல்லின் கோர் ஐ9-13900கே செயலியில் அடிப்படை அளவு 125 வாட், உச்ச அளவு 253 வாட். இந்த இரண்டாவது எண்ணே சிறு பெட்டிக்கு முக்கியமானது. விற்பனையாளர்கள் இதனைச் சொல்வது அரிது.

ஓர் எளிய கணக்கு இதனை விளக்கும். குளிர்விப்பானும் செயலியின் மேல்மூடியும் சேர்ந்து ஒவ்வொரு வாட்டுக்கும் அரைப் பாகை வெப்ப உயர்வைத் தருகின்றன என்று கொள்வோம். 88 வாட் செலவழிக்கும் செயலி தன்னைச் சுற்றியுள்ள காற்றை விட 44 பாகை கூடுதலாகச் சூடாகும். சிறு பெட்டியின் உட்காற்று அறைக்காற்றை விட 10 பாகை கூடுதல் என்றும் கொள்வோம். 22 பாகை செல்சியசு அறையில் செயலி 76 பாகையில் நிற்கும். 38 பாகை அறையில் அது 92 பாகையைத் தொடும். ரைசன் 7000 வரிசைச் செயலிகள் பெரும்பாலானவற்றின் உச்ச வரம்பு 95 பாகை என்பதால் இதுவரை சிக்கல் இல்லை. அதே பெட்டியில், அதே 38 பாகை அறையில், 142 வாட் செயலியை வைத்தால் கணக்கு 119 பாகை என்று வருகிறது. அவ்வெப்பத்தை எட்ட செயலி தன்னை விடாது. 95 பாகையிலேயே நின்று வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கொடுத்த கூடுதல் பணம் அங்கே வீணாகிறது.

பெரும்பாலான விளையாட்டுகள் செயலியை இந்த உச்ச அளவுக்குக் கொண்டுசெல்வதில்லை என்பதும் உண்மையே. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் வரைகலை அட்டை விளையாடும்போதுதான் முழுமையாகச் சூடாகிறது. அதன் வெப்பமும் அதே காற்றில்தான் கலக்கிறது.

குளிர்விப்பானின் உயரத்தைப் பெட்டியே முடிவு செய்கிறது. மிகச் சிறிய பெட்டிகளுக்கென விற்கப்படும் நோக்டுவா நிறுவனத்தின் என்எச்-எல்9 வகைக் குளிர்விப்பான் 37 மிமீ உயரமே உடையது. இத்தகைய குளிர்விப்பானுக்கு ரைசன் 5 7600, ரைசன் 7 7700 போன்ற 65 வாட் வகைச் செயலிகளே பொருத்தமானவை. கூடுதல் வாட் கொண்ட செயலி ஏற்கெனவே கையில் இருந்தால், அடிப்படை உள்ளீட்டு மென்பொருளான பயாசில் உள்ள ஈக்கோ நிலையின் மூலம் அதன் வரம்பைக் குறைக்கலாம். விளையாட்டுகளில் இதனால் ஏற்படும் வேக இழப்பு பொதுவாகச் சிறிதே.

உள்ளகங்களும் இடைமாற்று நினைவகமும்

கடைகளில் உள்ளகங்களின் எண்ணிக்கையே பெரிதும் பேசப்படுகிறது. விளையாட்டுக்கு 6 அல்லது 8 உள்ளகங்கள் போதுமானவை. அதற்கு மேற்பட்டவை நிகழ்படத் தொகுப்பு போன்ற பணிகளுக்கே பெரிதும் உதவுகின்றன. விளையாட்டில் வேறுபாட்டை ஏற்படுத்துவது செயலிக்குள் உள்ள மூன்றாம் நிலை இடைமாற்று நினைவகம் ஆகும். 2022 ஏப்ரலில் வெளியான ரைசன் 7 5800எக்ஸ்3டி செயலியில் இந்நினைவகத்தின் ஒரு பகுதி செயலிச் சில்லின் மேல் அடுக்காக அமைக்கப்பட்டு, மொத்தம் 96 மெகாபைட் ஆக்கப்பட்டது. 2023இல் வந்த 7800எக்ஸ்3டி செயலியும் அதே அளவு கொண்டது. குறைந்த மின்நுகர்வில் உயர்ந்த விளையாட்டு வேகம் தருவதால் இது சிறுவடிவக் கணினி அமைப்போரிடம் நற்பெயர் பெற்றது.

இதற்கு எதிர்த்திசையில் உள்ளவை வரைகலைப் பகுதியைத் தம்முள்ளேயே கொண்ட செயலிகள். 2021இல் தனியே விற்பனைக்கு வந்த ரைசன் 7 5700ஜி, 2024இல் வந்த ரைசன் 7 8700ஜி ஆகியன இவ்வகையின. தனி வரைகலை அட்டை தேவையில்லாததால் 5 லிட்டருக்குக் குறைவான பெட்டியிலும் இவற்றை அடக்கலாம். ஆனால் இவற்றின் மூன்றாம் நிலை நினைவகம் 16 மெகாபைட் மட்டுமே. பின்னர் வரைகலை அட்டை வாங்கிச் சேர்க்கும் எண்ணம் உள்ளவருக்கு இவை நல்ல தொடக்கம் அல்ல.

பொருத்தி

செயலி அமரும் இடம் பொருத்தி எனப்படுகிறது. கடைகளில் சாக்கெட் என்றே கேட்க வேண்டும். இன்டெல்லின் பொருத்திகள் அடிக்கடி மாறிவந்துள்ளன: எல்ஜிஏ 1151 (2015), எல்ஜிஏ 1200 (2020), எல்ஜிஏ 1700 (2021), எல்ஜிஏ 1851 (2024). ஏஎம்டியின் ஏஎம்4 பொருத்தி 2016இல் வந்து, 2017ஆம் ஆண்டின் முதல் ரைசன் முதல் 5000 வரிசை வரை பயன்பட்டது. 2022இல் வந்த ஏஎம்5 பொருத்தி டிடிஆர்5 நினைவகத்தை மட்டுமே ஏற்கும். எல்ஜிஏ 1700 பலகைகளில் டிடிஆர்4 வகையும் டிடிஆர்5 வகையும் தனித்தனியே உண்டு. ஒன்றின் நினைவகத்தை மற்றதில் செருக இயலாது. 2025இன் இறுதியில் இருவகை நினைவகங்களின் விலையும் கடுமையாக உயர்ந்தது. ஆகவே கைவசம் உள்ள நினைவகம் எவ்வகை என்பதும் பலகைத் தேர்வில் எடையுள்ள காரணம் ஆகிவிட்டது.

பொருத்தியின் பெயர் ஒன்றாக இருப்பதனாலேயே செயலி இயங்கிவிடாது. 2017இல் வெளியான இன்டெல்லின் எட்டாம் தலைமுறைச் செயலிகளும் எல்ஜிஏ 1151 என்ற பெயருள்ள பொருத்தியிலேயே அமர்ந்தன. எனினும் அதற்கு முந்தைய 100, 200 வரிசைப் பலகைகளில் அவை அதிகாரபூர்வமாக இயங்கவில்லை. பழைய பாகங்களை வாங்குவோர் இன்றும் இதில் ஏமாறுகின்றனர். பலகை தயாரித்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் செயலிகளின் பட்டியலைப் பார்த்து, தேவையான பயாசுப் பதிப்பையும் குறித்துக்கொள்வதே உறுதியான வழி.

இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகளில் மிகை மின்னழுத்தத்தால் நிலைகுலைவு ஏற்படுவது 2024இல் உறுதியானது. அவ்வாண்டு ஆகஸ்டில் திருத்தம் வெளியிடப்பட்டதோடு, பாதிக்கப்பட்ட வகைகளுக்கு உத்தரவாதக் காலமும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. திருத்தம் பயாசு வழியாகவே பலகைக்கு வருகிறது என்பதால், கடையில் நாட்பட்டுக் கிடந்த எல்ஜிஏ 1700 பலகையை வாங்குவோர் செயலியைக் கடும்பணியில் ஈடுபடுத்துமுன் பயாசைப் புதுப்பிக்க வேண்டும்.

தாய்ப்பலகை

சிறிய பலகையில் முதலில் பார்க்க வேண்டியது மின்னழுத்தச் சீராக்கிப் பகுதி ஆகும். மின்வழங்கி தரும் 12 வோல்ட்டைச் செயலிக்குத் தேவையான ஒரு வோல்ட் அளவுக்குக் குறைப்பது இப்பகுதியே. மலிவான பலகைகளில் இதன்மேல் வெப்ப உறிஞ்சித் தகடு இராது. காற்றைக் கீழ்நோக்கி ஊதும் குளிர்விப்பான் செயலியோடு இதனையும் சேர்த்துக் குளிர்விக்கும். நீர்க் குளிர்விப்பானைப் பொருத்தினால் அக்காற்று இல்லாமல் போய், செயலி குளிர்ந்திருக்கப் பலகை கொதிக்கும் நிலை ஏற்படலாம்.

வரைகலை அட்டையைத் தாய்ப்பலகைக்குப் பின்புறம் வைக்கும் பெட்டிகளில் இரண்டையும் ஒரு நீட்டிப்பு வடம் இணைக்கிறது. வடம் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3 தரத்தினதாகவும், பலகையும் அட்டையும் 4ஆம் தரத்தினவாகவும் இருந்தால் திரையில் எதுவும் தோன்றாமல் போகலாம். பயாசில் தரத்தை 3 என மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் ரைசன் 5 5600 போன்று உள்ளமைந்த வரைகலைப் பகுதி இல்லாத செயலியாக இருந்தால், அந்தப் பயாசுத் திரையையே காண வழியிருக்காது. அட்டையை நேரடியாகப் பலகையில் செருகி அமைப்பை மாற்றிய பிறகே பெட்டிக்குள் பொருத்த வேண்டியிருக்கும்.

ஒரே தொகுப்புச் சில்லு கொண்ட பலகைகளில் மினி ஐடிஎக்ஸ் வடிவம் மைக்ரோ ஏடிஎக்ஸை விடப் பொதுவாக விலை கூடியது. பெட்டியின் கொள்ளளவு 20 லிட்டரை ஒட்டியிருக்கலாம் என்றால் மைக்ரோ ஏடிஎக்ஸ் பலகையை ஏற்கும் பெட்டியைத் தேர்ந்து, மிச்சப்படும் தொகையை வரைகலை அட்டையில் சேர்ப்பது அறிவுடைமை. அளவின் சிறுமைக்காகவே பணம் கொடுக்கிறோம் என்பதை வாங்குவோர் மறந்துவிடுவதுண்டு.

தமிழ்நாட்டின் உள்மாவட்டச் சூழல்

இணையத்தில் கிடைக்கும் திறனாய்வுகளில் பெரும்பாலானவை 20 முதல் 25 பாகை வெப்பமுள்ள அறைகளில் செய்யப்படுபவை. புதுக்கோட்டை மாவட்டத்தின் வட்டத் தலைமையிடங்களுள் ஒன்றான இலுப்பூர் போன்ற உள்நாட்டு ஊர்களில் கத்திரி வெயில் காலத்தில் பகல் வெப்பம் 40 பாகையை ஒட்டி நிற்கும். குளிர்பதனம் இல்லாத மாடி அறை மாலையிலும் ஆறுவதில்லை. மேலே கண்ட கணக்கில் 38 பாகை என்று எடுத்துக்கொண்டது இதனாலேயே. திறனாய்வில் 75 பாகை என்று காட்டப்படும் அமைப்பு இங்கு 90 பாகையில் இயங்கும் என்று எதிர்பார்ப்பதே முறை. செம்மண் புழுதி மற்றொரு காரணி. காற்று உட்புகும் பக்கங்களில் கழற்றிக் கழுவக்கூடிய வலைவடிகட்டி இல்லாத பெட்டியில், சில மாதங்களில் குளிர்விப்பானின் தகடுகளுக்கிடையே தூசி அடைத்துவிடும்.

மின்வெட்டு பயாசுப் புதுப்பித்தலோடு தொடர்புடையது. புதுப்பிக்கும் சில நிமிடங்களில் மின்சாரம் நின்றால் பலகை மீண்டும் தொடங்காமலே போகலாம். செயலியோ நினைவகமோ இல்லாத நிலையிலும் யூஎஸ்பி நினைவுக்குச்சியிலிருந்து பயாசை எழுதும் வசதி, அதாவது பயாசு பிளாஷ்பேக், உள்ள பலகை இத்தகைய நிலையிலிருந்து பெரும்பாலும் மீட்கக்கூடியது. பழைய பயாசுடன் வந்த பலகையில் புதிய செயலியை இயக்கவும் இதுவே வழி. சிற்றூரில் வாழ்வோர் சில நூறு ரூபாய் கூடுதலானாலும் இவ்வசதியுள்ள பலகையையே வாங்கலாம் என்பது பட்டறிவு. வீட்டில் சதுர அலை தரும் பழைய இன்வெர்ட்டர் இருப்பின், சில கணினி மின்வழங்கிகள் அதனுடன் ஒத்துப்போகாமல் மின்மாற்றத்தின்போது அணைந்துவிடும். சைன் அலை தரும் இன்வெர்ட்டர் இச்சிக்கலைத் தருவதில்லை.

மினி ஐடிஎக்ஸ் பலகைகள் சிறு நகரக் கடைகளில் இருப்பு வைக்கப்படுவது அரிது. திருச்சிராப்பள்ளி, மதுரை போன்ற நகரங்களின் கணினிக் கடைகளில் சொல்லிவைத்துப் பெறலாம். சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு இந்தியாவின் பெரிய மின்னணுப் பொருள் சந்தைகளுள் ஒன்றாகும். செயலியையும் பலகையையும் ஒரே கடையில் வாங்கி, அங்கேயே பொருத்தி இயக்கிக் காட்டச் சொல்வது நன்று. தனித்தனி இடங்களில் வாங்கியவை ஒன்றோடொன்று இயங்காதபோது, பலகை விற்றவர் செயலியையும் செயலி விற்றவர் பலகையையும் குறை கூறுவர். இலுப்பூரிலிருந்து திருச்சிக்கு இருமுறை சென்றுவர ஆகும் பேருந்துக் கட்டணத்தை விட, அதனால் தவறும் மாற்றித்தரும் காலக்கெடுவே பெரிய இழப்பு.

பழைய அலுவலகக் கணினிகள்

நிறுவனங்கள் கழித்துவிடும் சிறுவடிவ அலுவலகக் கணினிகள் மலிவாகக் கிடைக்கின்றன. விரிவாக்கச் செருகுவாயின் 75 வாட்டுக்குள் இயங்கும் தாழ்ந்த உயர வரைகலை அட்டை ஒன்றைச் சேர்த்து இவற்றை விளையாட்டுக் கணினி ஆக்குவோர் பலர். ஜிடிஎக்ஸ் 1650, ஆர்டிஎக்ஸ் 3050 (6 ஜிகாபைட்) ஆகியவற்றில் இத்தகைய அட்டைகள் உண்டு. ஆயினும் இக்கணினிகளின் தாய்ப்பலகையும் மின்வழங்கியும் பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்தின் சொந்த வடிவில் அமைந்தவை. ஒன்று பழுதானால் சந்தையில் கிடைக்கும் பொதுப்பாகம் அங்கே பொருந்தாது.

விண்டோசு 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. விண்டோசு 11க்கு பொதுவாக இன்டெல்லின் எட்டாம் தலைமுறை அல்லது ரைசன் 2000 வரிசைச் செயலியோ அவற்றுக்குப் பிந்தைய செயலியோ வேண்டும்; அதனுடன் டிபிஎம் 2.0 பாதுகாப்புக் கூறும் வேண்டும். வேலரண்ட் போன்ற சில விளையாட்டுகள் விண்டோசு 11இல் இக்கூறும் பாதுகாப்பான தொடக்கம் என்ற பயாசு அமைப்பும் முடுக்கப்பட்டிருந்தால் மட்டுமே இயங்கும். ஆகவே ஏழாம் தலைமுறை அல்லது அதற்கு முந்தைய செயலி கொண்ட கணினியை, விலை எவ்வளவு குறைவாயினும், விளையாட்டுக்காக வாங்குமுன் விளையாட விரும்பும் விளையாட்டின் தேவைகளைப் படித்துப் பார்க்க வேண்டும்.