அரை மணித்தியாலம் அங்கால

2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போனவர்கள் வழியில் இரண்டு தரம் மணிக்கூட்டைத் திருப்ப வேண்டியிருந்தது. ஓமந்தை தாண்டி வன்னிக்குள் போனால் அரை மணித்தியாலம் பின்னுக்கு. முகமாலை தாண்டினால் திரும்பவும் முன்னுக்கு. இன்றைக்கு இதைச் சொன்னால் தம்பி தங்கச்சிமார் கதை விடுறதாக நினைக்கினம்.

பயணம் போனால் நேரம் மாறுவது புதினமில்லை. பூமி மணித்தியாலத்துக்கு 15 பாகை சுழலுது. ஆகவே அரை மணித்தியாலம் மாற வேண்டுமென்றால் கிழக்கேயோ மேற்கேயோ ஏழரைப் பாகை போக வேணும். வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணமோ வடக்குப் பக்கம். இரண்டு ஊரிலும் சூரியன் உச்சிக்கு வருவதில் ஏறத்தாழ இரண்டு நிமிடம்தான் வித்தியாசம். அப்ப மிச்சம் எங்கிருந்து வந்தது?

ஊருக்கு ஊர் வேறாக இருந்த நேரத்தை ஒன்றாக்கியது ரயில். 1840 களில் இங்கிலாந்தில் ரயில் கம்பனிகள்தான் இதைத் தொடங்கின. இலங்கையில் 1905 இல் காங்கேசன்துறை வரையான பாதை பூர்த்தியானது. அடுத்த வருசமே கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது.

1996 இல் மழையில்லை, மின்சாரத் தட்டுப்பாடு. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அரசாங்கம் மே மாதம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்டோபரில் அதில் பாதியைக் குறைத்தது. புலிகள் இதை ஏற்கவில்லை. அவர்களின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதியில் பழைய நேரமே தொடர்ந்தது. சூரியனோ தூரமோ இல்லை, பாதையில் ஆர் காவல் நிற்கினம் என்பதே நேரத்தைத் தீர்மானித்தது. "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று கேட்டுத்தான் சனம் பஸ்ஸுக்கு வெளிக்கிட்டது. சின்னக் கேள்விதான். ஆனால் "நீங்கள் எந்தப் பக்கம்?" என்பதும் அதற்குள்ளே இருந்தது.

2006 ஏப்ரலில், புத்தாண்டோடு, அரசாங்கம் ஐந்தரைக்கே திரும்பியது. பத்து வருசத்துக்குப் பிறகு தீவு முழுக்க ஒரே நேரம். நாலு மாசம் போகவில்லை, ஆகஸ்டில் முகமாலையில் பாதை பூட்டுப்பட்டது. இரண்டு நேரம் இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு பஸ் போனது. நேரம் ஒன்றான பிறகு தரைவழியே இல்லை.

அந்தக் காலத்தில் அந்தப் பாதையால் போய் வந்தவர்கள் உங்கட வீட்டிலும் இருப்பினம். மணிக்கூட்டைத் திருப்பினவையோ, திருப்பாமலே விட்டவையோ என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ. கேட்டதை எழுதியும் வையுங்கோ.