தாலுகா

'தாலுகா ஆபீசுக்குப் போகணும்' என்று விருதுநகர் மாவட்டத்துக் குமாரலிங்கபுரத்துச் சம்சாரி சொன்னால், பட்டா மாறுதலோ வருமானச் சான்றிதழோ வேலை இருக்கிறது என்று அர்த்தம். சொல் அரபியில் பிறந்தது. தொங்குதல், ஒட்டியிருத்தல் என்னும் வேர். ஒருவர் பொறுப்பைச் சேர்ந்த நிலம் தாலுகா. பாரசீகத்தில் கணக்கு எழுதிய ஆட்சிகளின் வழியே நம் வருவாய்த்துறைக்குள் புகுந்தது. தாசில்தாரும் அப்படி வந்தவர்தான்: தஹ்சில் என்றால் தண்டல், தார் என்றால் உடையவர். வரி வாங்கத்தான் எல்லை போட்டார்கள் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு? கலெக்டர் என்பதற்கும் அதே பொருள்தானே.

அதற்கு முன் நாடு, கூற்றம் என்றிருந்தன. திருச்சுழிப் பக்கத்துக் கல்வெட்டுகளில் பருத்திக்குடி நாடு வருகிறது. கரிசல் சீமைக்கு என்ன பொருத்தமான பெயர்! 1910இல் ராமநாதபுரம் ஜில்லா உருவானது. 1985இல் அதிலிருந்து இன்றைய விருதுநகர் மாவட்டம் பிரிந்தது. 2011 கணக்கெடுப்பில் 19,42,288 பேர்.

அமெரிக்கக் கிராமப்புறத்தில் தாலுகாவுக்கு ஈடு கவுண்டி. கவுண்ட் என்னும் பிரபுவின் ஆளுகை என்பது மூலப்பொருள். பிரபுக்களே இல்லாத நாட்டிலும் பெயர் ஒட்டிக்கொண்டது. அங்கே கவுண்டியின் காவல் அதிகாரியான ஷெரீப்பைப் பெரும்பாலும் மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், நம் தாசில்தாரை அரசு அமர்த்துகிறது.

அரசாணைகளில் இப்போது 'வட்டம்'. பஸ் ஸ்டாப்பில் இன்னும் தாலுகா ஆபீஸ்தான்.