ஃபைல் ஷேரிங் ஏன் இப்படிப் படுத்துகிறது? ஒரு சின்ன வரலாறு

வீட்டுக்குப் பின்னால் சித்தப்பாவின் ஷெட். அதில் ஒரு பழைய சிஎன்சி மில்லிங் மெஷின், ஓசூரில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. 1970களில் சிப்காட் வந்து, 1980ல் டிவிஎஸ் 50 ஓசூரிலிருந்து வெளியே வர ஆரம்பித்த பிறகு, சுற்றுவட்டாரத்தில் முளைத்த ஜாப் ஒர்க் பட்டறைகளுக்குக் கணக்கே இல்லை. தேன்கனிக்கோட்டையில் எங்கள் வீட்டு ஷெட்டும் அதில் ஒன்று. மெஷின் பக்கத்தில் விண்டோஸ் எக்ஸ்பி போட்ட ஒரு கம்ப்யூட்டர். சித்தப்பா முன்னறையில் லேப்டாப்பில் ப்ரோகிராம் போடுவார், அது நெட்வொர்க் வழியாக எக்ஸ்பியில் உள்ள ஃபோல்டருக்குப் போகும், எக்ஸ்பி அதை சீரியல் கேபிள் வழியாக மெஷினுக்கு ஊட்டும். பல வருஷமாக இப்படித்தான்.

பழைய லேப்டாப் உயிரை விட்டது. விண்டோஸ் 11 போட்ட புது லேப்டாப் வந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சித்தப்பா கூப்பிட்டார்: "டேய் தம்பி, ஷெட் கம்ப்யூட்டர் ஃபோல்டர் வரமாட்டேங்குதுடா. நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?" திங்கட்கிழமை காலையில் இருநூறு பீஸ் டெலிவரி. பென் டிரைவில் கொண்டுபோகலாம் என்றால் எக்ஸ்பியின் யூஎஸ்பி போர்ட்கள் கூலன்ட் பட்டுப் போய் ரொம்ப நாள் ஆகிறது. எக்ஸ்பியை மாற்றலாம் என்றால் மெஷினோடு பேசும் சாஃப்ட்வேர், பின்னால் பிரிண்டர் போர்ட்டில் செருகிய ஒரு டாங்கிளை நம்பி ஓடுகிறது. விற்றவர் கடையை மூடிவிட்டார்.

எல்லோரும் செய்வதையே நானும் முதலில் செய்தேன். பிங் பண்ணினேன், பதில் வந்தது. ஃபயர்வாலை அணைத்தேன். ஒர்க்குரூப் பெயரைப் பார்த்தேன். எக்ஸ்பி ஹோமில் அது 'எம்எஸ்ஹோம்' என்று இருக்கும், மற்றவற்றில் 'ஒர்க்குரூப்'. இரண்டையும் ஒன்றாக்கினேன். ஒரு மாற்றமும் இல்லை. (ஒர்க்குரூப் பெயர் வெறும் தலைப்புதான், பூட்டு அல்ல. பெயர் வேறாக இருந்தாலும் ஃபைல் வரும். இது தெரியாமல் எத்தனை பேர் எத்தனை ராத்திரியை வீணடித்திருப்பார்கள்!) ராத்திரி பத்து மணிக்குமேல் ரிப்பேரை விட்டுவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். படித்ததில் எனக்குப் பிடித்தது இந்தக் கதை.

நம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையைப் பார்த்திருப்பீர்கள். வருகிறவர் கன்னடத்தில் கேட்டால் கன்னடம், தெலுங்கில் கேட்டால் தெலுங்கு, தமிழ் என்றால் தமிழ். எதிராளிக்கு எது வருமோ அதில் வியாபாரம் நடக்கும். விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஃபைல் பகிர்வதும் அச்சு அசல் இதேதான். கேட்கும் கம்ப்யூட்டர் முதலில் தனக்குத் தெரிந்த வட்டார வழக்குகளின் பட்டியலை அனுப்பும். கொடுக்கும் கம்ப்யூட்டர் அதில் தனக்கும் தெரிந்ததில் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கும். நான் உவமை சொல்லவில்லை, அந்த நெறிமுறை ஆவணங்களிலேயே அதற்குப் பெயர் 'டயலக்ட்', அதாவது வட்டார வழக்கு. பொதுவான வழக்கு ஒன்றுமே இல்லையென்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. எங்கள் ஷெட்டில் நடந்தது இதுதான்.

இந்த நெறிமுறையின் பெயர் எஸ்எம்பி. 1983 வாக்கில் ஐபிஎம்மில் பாரி ஃபைகன்பாம் என்பவர் உருவாக்கியது. அதற்கு அடியில் இருந்தது நெட்பயாஸ், அதை ஐபிஎம்முக்காக எழுதியது சைடெக் என்ற கம்பெனி. 1984ல் ஐபிஎம் அறிவித்த 'பிசி நெட்வொர்க்' ஒரு ஆபீஸில் இருக்கும் சில கம்ப்யூட்டர்களைக் கேபிளால் இணைப்பதற்கானது. எல்லோரும் ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள். அதனால் ஒரு கம்ப்யூட்டர் "என் பேர் இது" என்று சத்தம் போட்டுச் சொன்னால் போதும், மற்றவை நம்பிவிடும். பெயர் 16 எழுத்து, அதில் கடைசி எழுத்து அது என்ன சேவை என்று குறிக்க. நமக்கு மிஞ்சுவது 15. இன்றைக்கும் விண்டோஸ் கம்ப்யூட்டர் பெயர் 15 எழுத்தைத் தாண்டினால் முனகுவது அந்தக் காலத்து மிச்சம்.

1992 அக்டோபரில் வந்த 'விண்டோஸ் ஃபார் ஒர்க்குரூப்ஸ்' இதைச் சாதாரண ஆட்களிடம் கொண்டுவந்தது. தனியாக சர்வர் வேண்டாம், எந்தக் கம்ப்யூட்டரும் கொடுக்கலாம், எதுவும் எடுக்கலாம். அப்படியானால் யார் யார் நெட்வொர்க்கில் இருக்கிறார்கள் என்ற பட்டியலை யார் வைத்திருப்பது? தேர்தல்! விளையாட்டு இல்லை, அதற்கும் பெயர் 'எலக்‌ஷன்' தான். கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் தேர்தல் நடத்தி 'மாஸ்டர் பிரவுசர்' ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் 12 நிமிஷத்துக்கு ஒருமுறை "நான் இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். மூன்று முறை சத்தம் வராவிட்டால்தான் பெயர் நீக்கப்படும், அந்தச் செய்தி துணைப் பட்டியல்களுக்குப் போக இன்னும் 15 நிமிஷம். ஆக, சுவிட்சைப் பிடுங்கிய கம்ப்யூட்டரின் பெயர் 51 நிமிஷம் வரை பட்டியலில் தெரியலாம். புதிதாகப் போட்டது பட்டியலில் தெரியத் தாமதமாகலாம். எக்ஸ்பி காலத்து பிரவுசிங் சென்டர் அண்ணன்களைக் கேட்டுப் பாருங்கள், "ஒரு டீ குடிச்சிட்டு வந்தா தானா வந்துடும்" என்பார்கள். அது மூடநம்பிக்கை இல்லை என்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

இதே சமயம் ஆஸ்திரேலியாவில், கான்பெராவில் ஒரு பிஎச்டி மாணவர். பெயர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல். டாஸ் போட்ட தன் கம்ப்யூட்டரிலிருந்து யூனிக்ஸ் மெஷினில் உள்ள ஃபைல்களை எடுக்க ஆசைப்பட்டார். டிஜிட்டல் கம்பெனியின் 'பாத்வொர்க்ஸ்' சாஃப்ட்வேர் அவர்கள் சர்வரோடு நன்றாகப் பேசியது. ஆனால் என்ன பேசுகிறது என்ற ஆவணம் அவர் கையில் இல்லை. 1991 டிசம்பரில் உட்கார்ந்து கேபிளில் போகும் பேச்சை ஒட்டுக்கேட்டார். இது சொன்னால் அது வருகிறது, அது சொன்னால் இது போகிறது என்று எழுதி வைத்து, அதேபோல் பதில் சொல்லும் ஒரு ப்ரோகிராம் எழுதி 1992 ஜனவரியில் இலவசமாகக் கொடுத்துவிட்டார். தான் கற்றுக்கொண்டது ஐபிஎம்மின் எஸ்எம்பி என்பதே அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. ஓசூரில் வேலைக்கு வரும் வடமாநிலத்து ஆட்கள் புத்தகம் இல்லாமல் ஆறு மாதத்தில் தமிழ் பேசுகிறார்களே, அந்த மாதிரி.

பெயருக்கும் ஒரு கதை உண்டு. முதலில் வைத்த பெயர் வேறொரு கம்பெனியின் வர்த்தகப் பெயரோடு மோதியது. எனவே அகராதி ஃபைலில் எஸ், எம், பி மூன்றும் அந்த வரிசையில் வரும் சொற்களைத் தேடினார். வந்தவற்றில் ஒன்று ஒரு பழத்தின் பெயர், இன்னொன்று பிரேசில் நடனம். நடனத்தை எடுத்துக்கொண்டார். அதுதான் 'சாம்பா'. மைக்ரோசாஃப்ட் வைத்திருந்த முழு ஆவணம் சாம்பா குழுவுக்குக் கிடைத்தது 2007 டிசம்பரில்தான், ஐரோப்பிய ஒன்றியத்தின் வழக்கில் மைக்ரோசாஃப்ட் தோற்ற பிறகு. விலை 10,000 யூரோ. அதுவரை பதினாறு வருஷம் ஒட்டுக்கேட்டே ஓட்டியிருக்கிறார்கள்!

இதற்குள் அந்த ஒரு ஆபீஸ் கேபிள் உலகம் முழுக்க நீண்டுவிட்டது. நெறிமுறை மட்டும் எல்லோரையும் தெரிந்தவர் என்றே நினைத்துக்கொண்டிருந்தது. 2000 அக்டோபரில் வெளியான ஒரு ஓட்டையைக் கேளுங்கள்: விண்டோஸ் 95, 98ல் ஃபோல்டருக்கு பாஸ்வேர்டு போடலாம். ஆனால் பாஸ்வேர்டு எத்தனை எழுத்து என்று கேட்கிறவனே சொல்லலாம். "ஒரு எழுத்துதான்" என்று சொன்னால் முதல் எழுத்தை மட்டும் சரிபார்த்துக் கதவைத் திறந்துவிடும். 2002ல் ஓபாசெர்வ் என்ற வார்ம் இதை வைத்தே பரவியது. எக்ஸ்பி வந்தபோது 'சிம்பிள் ஃபைல் ஷேரிங்' என்று வைத்தார்கள். அதில் யார் வந்தாலும் விருந்தாளிக் கணக்குதான். 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2, ஃபயர்வாலைத் தானாகவே போட்டது. நேற்றுவரை தெரிந்த ஃபோல்டர்கள் பல இடங்களில் மறைந்தன. சித்தப்பா சொன்ன "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" அப்போதே ஆரம்பித்துவிட்டது.

விஸ்டாவில் எஸ்எம்பி இரண்டாம் பதிப்பு வந்தது. நூற்றுக்கும் மேல் இருந்த கட்டளைகளை 19 ஆகக் குறைத்து எழுதினார்கள். ஆனாலும் பழையதை எடுக்கவில்லை. நம் ஷெட் மாதிரி எத்தனை இடங்கள்! 2016 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டில் இந்தப் பகுதியைக் கவனித்த நெட் பைல் என்பவர் முதல் பதிப்பைத் தயவுசெய்து நிறுத்துங்கள் என்று எழுதினார். பெரிதாக யாரும் கேட்கவில்லை. 2017 மார்ச் 14ல் அதிலிருந்த பெரிய ஓட்டைக்குத் திருத்தம் வந்தது. ஏப்ரலில் அமெரிக்க உளவு நிறுவனமான என்எஸ்ஏவிடம் இருந்த கருவி வெளியே கசிந்தது. மே 12ல் வானாக்ரை. யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டாம், திருத்தம் போடாத கம்ப்யூட்டரில் அந்தக் கதவு திறந்திருந்தால் போதும். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நின்றன, பக்கத்து ஆந்திராவில் போலீஸ் கம்ப்யூட்டர்கள் சிலவும் மாட்டின. 2014லேயே கைவிட்ட எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் திருத்தம் கொடுக்க வேண்டியதாயிற்று.

எங்களுக்கு நெருக்கமான உதாரணம் அடுத்த வருஷம் நடந்தது. 2018 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி, உலகின் மிகப் பெரிய ஒப்பந்த சிப் தயாரிப்பாளர், ஒரு புது மெஷினை வைரஸ் பரிசோதனை செய்யாமல் நெட்வொர்க்கில் இணைத்தது. அதிலிருந்து வானாக்ரையின் ஒரு வகை மற்ற மெஷின்களுக்குப் பரவி உற்பத்தி நின்றது. அவர்களுக்கே அந்தக் கதி.

2017 கடைசியில் வந்த விண்டோஸ் 10 முதல், புதிதாகப் போடும் கம்ப்யூட்டரில் எஸ்எம்பி முதல் பதிப்பு கிடையாது. சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் ஹோம், ப்ரோ பதிப்புகளில் 15 நாள் பயன்படுத்தாவிட்டால் தானே கழன்றுகொள்ளும். "சரி பண்ணினேன், மறுபடி போச்சு" என்கிறவர்கள் கவனிக்கவும். அந்தப் பழைய தேர்தல் முறையும் இதோடு போனது. 2009ல் விண்டோஸ் 7 கொண்டுவந்த ஹோம்குரூப் 2018ல் எடுக்கப்பட்டது. 2024ல் வந்த விண்டோஸ் 11 24எச்2வின் ப்ரோ பதிப்பு விருந்தாளியையே உள்ளே விடுவதில்லை, ஒவ்வொரு பொட்டலத்திலும் கையெழுத்து கேட்கிறது.

மணி ஒன்று. சித்தப்பாவின் லேப்டாப்பில் அந்தப் பழைய பதிப்பை இரண்டு டிக் போட்டுச் சேர்த்திருந்தால் வேலை முடிந்திருக்கும். டிஎஸ்எம்சி கதையைப் படித்த பிறகு எனக்குக் கை வரவில்லை. அந்த லேப்டாப்பில்தான் சித்தப்பாவின் பாங்க் கணக்கும் ஜிஎஸ்டியும்.

அப்போதுதான் பரணில் இருந்த அக்காவின் லேப்டாப் ஞாபகம் வந்தது. 2011ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது அவற்றில் விண்டோஸோடு சிடாக்கின் 'பாஸ்' லினக்ஸும் சேர்த்து வந்தது. அக்கா அதை ஒருநாளும் திறந்ததில்லை. நான் அதில் டெபியன் போட்டு சாம்பா ஏற்றினேன். எக்ஸ்பியிலிருந்து ரவுட்டருக்குப் போன கேபிளைப் பிடுங்கி நேராக இந்த லேப்டாப்பில் செருகினேன். இனி எக்ஸ்பிக்கு இன்டர்நெட்டே கிடையாது. லேப்டாப்பின் வைஃபை வீட்டு நெட்வொர்க்கோடு. புது லேப்டாப் இதனோடு புது வழக்கில் பேசும், எக்ஸ்பி பழைய வழக்கில் பேசும், நடுவில் டீக்கடைக்காரராக சாம்பா.

உடனே வந்துவிடவில்லை. 2019ல் வந்த சாம்பா 4.11 முதல் அதுவும் பழைய வழக்கை மூடிவைத்திருக்கிறது. செட்டிங் ஃபைலில் 'சர்வர் மின் ப்ரோட்டோகால்' என்பதை 'என்டி1' என்று மாற்ற வேண்டும். அதன் பிறகும் எக்ஸ்பி பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கேட்டது. பாஸ்வேர்டு சரிபார்க்கும் அதன் பழைய முறையும் இப்போது மூடப்பட்டிருக்கிறது. எக்ஸ்பியின் ரெஜிஸ்ட்ரியில் ஒரு எண்ணை மாற்றி அதைப் புது முறைக்குக் கொண்டுவந்தேன். விருந்தாளி வேண்டாம் என்று 'ஷெட்' என்ற பெயரில் ஒரு யூசர். விடிகாலை நாலரைக்கு எக்ஸ்பி திரையில் ஃபோல்டர் திறந்தது.

இருநூறு பீஸும் திங்கட்கிழமை போய்விட்டது. சித்தப்பாவுக்கு ஒரே ஒரு கோளாறு. தூசி படுமே என்று அக்காவின் லேப்டாப்பை மூடி வைத்துவிடுகிறார். மூடினால் அது தூங்கிவிடுகிறது, ஃபோல்டர் காணாமல் போகிறது, "டேய் தம்பி" என்று குரல் வருகிறது. மூடினாலும் தூங்காமலிருக்க ஒரு வரி மாற்ற வேண்டும். இன்றைக்கு ராத்திரி அந்த வேலை.