இயங்குதள நிறுவலின்போது கணினி உறைதல்

இயங்குதள நிறுவலின்போது கணினி உறைதல் என்பது, விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம் ஒன்றைக் கணினியில் நிறுவிக்கொண்டிருக்கையில் திரை அசைவற்று நின்று, விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் கணினி மறுமொழி தராத நிலையைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இதனைக் கணினி "ஹேங்" ஆகிவிட்டது என்பர். இது தனியொரு பழுது அன்று. பல பழுதுகளுக்குப் பொதுவான அறிகுறி ஆகும். நினைவகம், வன்தட்டு, நிறுவல் வட்டு, மின்வழங்கி, வெப்பம், இயக்கி மென்பொருள் ஆகியவற்றுள் எது பழுதானாலும் திரையில் தோன்றுவது ஒன்றே. ஆகவே எந்தக் கட்டத்தில் உறைந்தது என்பதைக் குறித்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரேயொரு மாற்றத்தை மட்டும் செய்து பார்ப்பதே காரணத்தைக் கண்டறியும் அடிப்படை முறையாகும்.

நிறுவலின்போது உறைவது ஏன்?

அன்றாடப் பயன்பாட்டில் ஒழுங்காக இயங்கிய கணினி, புதிய இயங்குதளத்தை நிறுவும்போது மட்டும் உறைவதுண்டு. நிறுவல் வட்டில் உள்ள கோப்புகள் பெரும்பாலும் சுருக்கப்பட்ட வடிவில் இருக்கும். நிறுவி அவற்றைப் படித்து, நினைவகத்தில் விரித்து, வன்தட்டில் எழுதுகிறது. இவ்வேளையில் செயலி, நினைவகம், வன்தட்டு, வட்டு இயக்ககம் ஆகிய அனைத்தும் நெடுநேரம் ஒருசேர உழைக்கின்றன. நினைவகத்தின் ஒரு துணுக்கு பிறழ்ந்தால், பாடலிலோ படத்திலோ அது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். சுருக்கப்பட்ட கோப்பில் அதே பிறழ்வு அக்கோப்பையே விரிக்க இயலாததாக்கிவிடும். மேலும், பழைய இயங்குதளம் அதுவரை தொடாத நினைவகப் பகுதிகளையும் வன்தட்டுப் பகுதிகளையும் புதிய நிறுவி பயன்படுத்தக்கூடும். எனவே நிறுவல் பழுதை உண்டாக்குவதைவிட, முன்பே இருந்த பழுதை வெளிக்காட்டுவதே மிகுதி.

உறைதலும் தாமதமும்

உறைந்துவிட்டது என்று கருதப்படும் கணினிகள் பலவும் உண்மையில் உறைந்திருப்பதில்லை. மின்னிணைப்பைத் துண்டிக்கும் முன் பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்.

* வன்தட்டு விளக்கு: விட்டுவிட்டு ஒளிர்ந்தால் வேலை நடந்துகொண்டிருக்கிறது. குறைந்தது அரை மணி நேரமாவது பொறுத்திருப்பது நன்று.
* நம் லாக் விசை: இதனை அழுத்தும்போது விசைப்பலகையின் சிறுவிளக்கு மாறினால், இயங்குதளத்தின் கருனி இன்னும் உயிருடன் உள்ளது எனக் கொள்ளலாம்.
* வன்தட்டின் ஓசை: ஒரே சீராக "டிக்" ஒலி எழுந்தால், பழுதடைந்த ஒரு பகுதியைத் தட்டு மீண்டும் மீண்டும் படிக்க முயல்கிறது எனலாம்.
* விசைப்பலகையும் சுட்டியும் மட்டும் இயங்காமை: 2015க்குப் பின் வந்த பல தாய்ப்பலகைகளில் விண்டோஸ் 7ஐ நிறுவும்போது இது நிகழும். அவற்றின் யுஎஸ்பி 3 கட்டுப்படுத்திக்கான இயக்கி விண்டோஸ் 7 வட்டில் இல்லை. நிறுவி காத்திருக்கிறது, பயனரின் கட்டளைதான் அதனைச் சென்றடைவதில்லை.

விண்டோஸ் 11 (2021) நிறுவுவதற்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் 4 ஜிபி நினைவகமும் தேவை. இவை இல்லாத கணினியில் நிறுவி அதற்கான செய்தியைக் காட்டி மேற்செல்ல மறுக்கும். இதுவும் உறைதல் ஆகாது.

உறையும் கட்டமும் காரணமும்

1. வட்டிலிருந்து தொடங்கியவுடன் உறைதல்: பயாஸ் அமைப்பு, பழுதான நிறுவல் வட்டு, இணக்கமற்ற வன்பொருள் ஆகியவை காரணமாகலாம். விண்டோஸ் எக்ஸ்பி நிறுவலில் வன்பொருள் அமைப்பை ஆராய்வதாகக் கூறும் முதல் வரியிலேயே திரை கருமையாக நின்றால், வன்தட்டின் பகிர்வு அட்டவணை சிதைந்திருக்கலாம்.
2. கோப்புகளைப் படியெடுக்கும்போது அல்லது விரிக்கும்போது உறைதல்: ஒவ்வொரு முறையும் ஒரே விழுக்காட்டில் நின்றால் நிறுவல் வட்டையோ வன்தட்டையோ ஐயுறலாம். வெவ்வேறு இடங்களில் நின்றால் நினைவகம், வெப்பம், மின்வழங்கி ஆகியவற்றை ஐயுற வேண்டும்.
3. வன்பொருளைக் கண்டறியும்போது உறைதல்: ஏதேனும் ஒரு கருவியின் இயக்கி காரணமாகலாம். விண்டோஸ் எக்ஸ்பி நிறுவலில் "34 நிமிடங்கள்" என்ற இடத்தில் பல கணினிகள் நின்றது இவ்வகையே.
4. வரைகலைத் திரை தோன்றும்போது உறைதல்: காட்சி அட்டையின் இயக்கியே பெரும்பாலும் காரணம்.

காரணங்கள்

நினைவகம்

நினைவகத் துண்டு தாய்ப்பலகையில் சரியாகப் பொருந்தாமை, தொடுமுனைகளில் படிந்த மாசு, சில்லின் பழுது, வெவ்வேறு வேகம் கொண்ட துண்டுகளை ஒன்றாகப் பொருத்துதல் ஆகியவை உறைதலுக்குக் காரணமாகும். இதனைச் சோதிக்க மெம்டெஸ்ட்86+ என்னும் கட்டற்ற மென்பொருள் பயன்படுகிறது. இயங்குதளம் ஏதுமின்றி நேரடியாகத் தொடங்கும் இம்மென்பொருளின் 6ஆம் பதிப்பு (2022) யுஇஎஃப்ஐ கணினிகளிலும் இயங்கும். முழுச் சுற்று ஒன்றேனும் முடியும்வரை சோதிக்க வேண்டும். ஒரேயொரு பிழை காட்டப்பட்டாலும் அந்நினைவகத்தை நம்பி நிறுவலைத் தொடரலாகாது.

நிறுவல் வட்டு

கீறல் விழுந்த வட்டு, மிகை வேகத்தில் எழுதப்பட்ட வட்டு, முழுமையாகப் பதிவிறங்காத படிமக் கோப்பு, தரம் குறைந்த பென்டிரைவ் ஆகியவை பொதுவான காரணங்கள். பதிவிறக்கிய கோப்பின் சரிபார்ப்புத் தொகையை வெளியீட்டாளர் தந்துள்ள தொகையுடன் ஒப்பிட்டால் கோப்பு முழுமையானதா என அறியலாம். 2000களில் இதற்கு எம்டி5 பரவலாகப் பயன்பட்டது. பின்னர் எஸ்எச்ஏ-256 அவ்விடத்தைப் பிடித்தது. சிறு கடைகளில் கிடைக்கும் மாற்றியமைக்கப்பட்ட விண்டோஸ் வட்டுகளில் சில கோப்புகள் நீக்கப்பட்டிருக்கக்கூடும். நச்சுநிரல் இணைந்து வரும் இடரும் உண்டு.

வன்தட்டு

பழுதான பகுதிகள், தளர்ந்த கம்பிவடம், கொள்ளளவு வரம்பு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். முதல் விண்டோஸ் எக்ஸ்பி வட்டு (2001), எந்தச் சேவைத் தொகுப்பும் இல்லாத நிலையில், 28 துணுக்கு முகவரி முறையால் ஏறத்தாழ 137 ஜிபி வரையுள்ள வன்தட்டையே முழுமையாக அறியும். வன்தட்டின் தன்னறிக்கை முறையான "ஸ்மார்ட்", பழுதான பகுதிகளின் எண்ணிக்கையைக் காட்டும்.

மின்வழங்கியும் மின்தேக்கிகளும்

ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை செய்யப்பட்ட தாய்ப்பலகைகள் பலவற்றில் தரம் குறைந்த மின்பகு மின்தேக்கிகள் இடம்பெற்றிருந்தன. அவற்றின் மேற்பகுதி உப்பி, பழுப்பு நிறக் கசிவு காணப்படும். இத்தகைய பலகை சிறு வேலைகளைச் செய்யும். நிறுவல் போன்ற பெருஞ்சுமையின்போது உறையும் அல்லது தானே மறுதொடக்கம் ஆகும். பெட்டியைத் திறந்து கண்ணால் பார்த்தாலே இதனை அறியலாம்.

வெப்பம்

தூசி அடைந்த விசிறி, காய்ந்த வெப்பப் பசை, சரியாக அமராத வெப்பம்கடத்தி ஆகியவை செயலியைச் சூடாக்கும். தொடங்கிய சில நிமிடங்களில் உறைந்து, ஆறவிட்டுத் தொடங்கினால் சற்று முன்னேறி மீண்டும் உறைவது வெப்பத்தின் அடையாளம்.

தரவுப் பாதுகாப்பு

நிறுவல் பாதியில் நின்ற கணினியில் பெரும் இழப்பு இயங்குதளம் அன்று, பயனரின் கோப்புகளே. இயங்குதளத்தை மீண்டும் பெறலாம். ஒளிப்படங்களையும் ஆய்வேட்டையும் கடைக்கணக்கையும் அவ்வாறு பெற இயலாது. உறைந்தவுடன் மீண்டும் மீண்டும் நிறுவ முயலும் ஒவ்வொரு முறையும் வன்தட்டில் புதிதாக எழுதப்படுகிறது. எழுதப்பட்ட இடத்தில் முன்பிருந்த தரவு மீளாது. ஆகவே,

* கோப்புகள் படியெடுக்கப்படாமல் இருந்தால், நிறுவலை உடனே நிறுத்திவிட்டு, லினக்ஸ் நிகழ்வட்டு ஒன்றின்மூலம் கணினியைத் தொடங்கி அவற்றை வேறு தட்டுக்கு மாற்ற வேண்டும்.
* நிகழ்வட்டும் உறைந்தால், வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துப் படியெடுக்க வேண்டும்.
* பகிர்வு அட்டவணை மட்டும் அழிந்திருந்தால், டெஸ்ட்டிஸ்க் என்னும் கட்டற்ற மென்பொருளால் பகிர்வுகளை மீட்கும் வாய்ப்புண்டு.
* பகிர்வின் அளவை மாற்றும்போதும், பயாஸை இற்றைப்படுத்தும்போதும் மின்னிணைப்பைத் துண்டிக்கலாகாது. முன்னதில் தரவும், பின்னதில் தாய்ப்பலகையும் பயனற்றுப் போகலாம்.

சரிசெய்யும் முறை

கீழ்க்காணும் வரிசை, செலவில்லாத சோதனைகளிலிருந்து செலவுள்ளவற்றை நோக்கிச் செல்கிறது.

1. உறைந்த கட்டம், விழுக்காடு, கடைசியாகத் தோன்றிய வரி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுதல்.
2. அச்சுப்பொறி, வெளித்தட்டு, கூடுதல் அட்டைகள் முதலியவற்றை நீக்கி, விசைப்பலகை, சுட்டி, ஒரு வன்தட்டு, ஒரு நினைவகத் துண்டு ஆகியவற்றுடன் மட்டும் முயலுதல்.
3. பயாஸ் அமைப்பை முன்னிருப்பு நிலைக்கு மாற்றுதல். செயலியின் வேகம் கூட்டப்பட்டிருந்தால் இயல்பு நிலைக்குக் கொண்டுவருதல்.
4. நிறுவல் வட்டைச் சரிபார்த்தல்; தேவையெனில் குறைந்த வேகத்தில் புதிதாக எழுதுதல்.
5. வேறொரு இயங்குதளத்தின் நிகழ்வட்டைத் தொடங்கிப் பார்த்தல். அதுவும் உறைந்தால் வன்பொருளிலேயே பழுது இருத்தல் கூடும். அது நன்கு இயங்கினால் நிறுவல் வட்டிலோ இயக்கியிலோ வன்தட்டிலோ குறை தேட வேண்டும்.
6. நினைவகத்தைச் சோதித்தல். துண்டுகள் இரண்டு இருப்பின் ஒவ்வொன்றாக, ஒவ்வொரு பொருத்துவாயிலும் மாற்றிச் சோதித்தல்.
7. வன்தட்டைச் சோதித்தல், கம்பிவடத்தை மாற்றுதல்.
8. மின்வழங்கியைப் பழுதற்ற வேறொன்றால் மாற்றிப் பார்த்தல்.

ஒரே வேளையில் நினைவகத்தையும் வட்டையும் மாற்றினால் நிறுவல் வெற்றி பெறலாம். ஆனால் எது பழுது என்பது தெரியாது. நல்ல பொருளை எறிந்துவிட்டுப் பழுதானதை வைத்துக்கொள்ளும் நிலை இதனால் ஏற்படுகிறது.

இயங்குதளம் சார்ந்த குறிப்புகள்

விண்டோஸ்

விண்டோஸ் எக்ஸ்பி நிறுவலின் தொடக்கத்தில் எஃப்6 விசைக்கான அழைப்பு தோன்றும்போது எஃப்7 விசையை அழுத்தினால், ஏசிபிஐ மின்மேலாண்மை இன்றி நிறுவல் தொடரும். பழைய தாய்ப்பலகைகள் சிலவற்றில் உறைதல் இதனால் நீங்கியது. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 சனவரியிலும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரிலும் முடிவுற்றன. விண்டோஸ் 7, பழைய பயாஸ் முறைக்கு இணக்கமற்ற யுஇஎஃப்ஐ கணினிகளில் சின்னம் தோன்றும் திரையிலேயே நின்றுவிடும். விண்டோஸ் 10, 11 நிறுவல்களில் ஷிஃப்ட், எஃப்10 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் கட்டளைத் திரை திறக்கும். அது திறந்தால் நிறுவி முழுதும் உறையவில்லை எனப் பொருள். நிறுவல் பதிவேட்டையும் அதன்வழிப் படிக்கலாம்.

லினக்ஸ்

தொடக்கப் பட்டியலில் கருனி வரியின் இறுதியில் "நோமோட்செட்" என்னும் அளவுருவைச் சேர்த்தால், காட்சி அட்டைக்குரிய சிறப்பு இயக்கி தவிர்க்கப்பட்டு எளிய காட்சி முறையில் நிறுவல் தொடரும். என்விடியா அட்டையுள்ள கணினிகளில் இது பெரிதும் உதவுகிறது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்2 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் உரை முனையம் திறக்கக்கூடும். கருனி கடைசியாகக் கூறிய செய்தியை அங்கே காணலாம்.

தமிழ்நாட்டுச் சூழல்

தமிழ்நாட்டில் மாணவர்கள் பலர் தாமே இயங்குதளம் நிறுவக் கற்றதற்கு, 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டமும் ஒரு காரணமாகும். தொடக்கத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸ் 7 உடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. இரு இயங்குதளங்கள் உள்ள கணினியில் விண்டோசை மீண்டும் நிறுவினால், அது தொடக்கப் பகுதியைத் தன்னுடையதாக எழுதிக்கொள்ளும்; லினக்ஸ் அழியாமலிருந்தும் தொடங்காது. இதனைப் பழுதாகக் கருதி வன்தட்டு முழுவதையும் அழிப்பது தேவையற்றது. தொடக்கநிரலை மட்டும் மீண்டும் நிறுவினால் போதும்.

நீலகிரி போன்ற மலைப்பகுதிகளில் காரணங்களின் வரிசை சற்றே மாறுகிறது. உதகமண்டலம் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எனவே விசிறி தள்ளும் காற்று குறைவான வெப்பத்தையே ஏற்றுச் செல்லும். ஆயினும் சூழலின் குளிர்ச்சி இக்குறையைப் பெருமளவு ஈடுசெய்கிறது. உயரத்தால் வன்தட்டு பழுதாகும் என்பது சரியன்று. பொதுவாக வன்தட்டுகள் ஏறத்தாழ 3,000 மீட்டர் வரை இயங்க வடிவமைக்கப்படுகின்றன. மாவட்டத்தின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான்.

இங்கு முதலில் ஐயுற வேண்டியது ஈரம். இத்தலார் போன்ற மலைச் சிற்றூர்களில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தின் மூடுபனியும் ஈரக்காற்றும், நாள்தோறும் பயன்படுத்தாத கணினியின் தொடுமுனைகளில் மாசு படியச் செய்யும். மின்னிணைப்பை நீக்கி, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்னை வெளியேற்றியபின், நினைவகத் துண்டைக் கழற்றி அதன் தொடுமுனைகளை மென்மையான அழிப்பானால் துடைத்து மீண்டும் பொருத்தினாலே பல கணினிகள் சரியாகின்றன. உறைபனிக் காலத்தில் வெளியிலிருந்து கொண்டுவந்த குளிர்ந்த கணினியைச் சூடான அறைக்குள் உடனே இயக்கலாகாது. உள்ளே நீர்த்துளிகள் படியக்கூடும். சில மணி நேரம் அறை வெப்பநிலைக்கு வரவிட வேண்டும்.

மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் தடைப்படும் ஊர்களில், தடையில்லா மின்வழங்கி இன்றி மேசைக்கணினியில் நிறுவலைத் தொடங்குவது இடர் மிக்கது. மடிக்கணினியாயின் மின்கலம் முழுதும் நிறைந்தபின் தொடங்கலாம். பழுதுபார்க்கும் கடை தொலைவில் இருப்பின், கணினியைத் தூக்கிச் செல்லும் முன் மேற்கூறிய முதல் ஆறு படிகளை வீட்டிலேயே செய்து, கண்டவற்றைத் தாளில் எழுதி எடுத்துச் செல்வது பயணத்தையும் செலவையும் குறைக்கும்.

இவற்றையும் பார்க்க

* இயங்குதளம்
* பயாஸ்
* தற்போக்கு அணுகு நினைவகம்
* வன்தட்டு
* நிகழ்வட்டு
* பாஸ் லினக்ஸ்